பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரெய்லர் கொக்கி: எந்த வகை, எந்த இடத்தில்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் டிரெய்லர் கொக்கியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காரின் டிக்கிதான். இரண்டு பேருக்கு நான்கு நாள் தேவைப்படும் பெட்டிகளையும் ஒரு கூடாரத்தையும் எம்ஜிபி என்ற சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் டிக்கிக்குள் திணிக்க முயன்ற எவருக்கும் இது விளக்காமலே புரியும். ஆகவே இங்கே பேசப்படுவது சாமானோடு சேர்த்து 200 முதல் 250 கிலோ எடை வரும், தனி பிரேக் இல்லாத, ஒற்றை அச்சு டிரெய்லரைப் பற்றித்தான். படகையோ இன்னொரு காரையோ இழுக்க நினைப்பவர் அந்த வேலையை அதற்கான வண்டியிடம் விட்டுவிடுவது நல்லது.

கடையில் கிடைக்கும் கொக்கிகளை விலையையும் தோற்றத்தையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பந்தின் மேல், அதாவது டிரெய்லர் வந்து உட்காரும் கொக்கியின் உருண்டை முனை மேல், விழும் விசை காரின் உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது, எவ்வளவு பரப்பில் பரவுகிறது? 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி-க்குத் தனிச் சட்டகம், அதாவது சேஸி, கிடையாது. மடித்து வெல்டு செய்த தகடுகளே அதன் எலும்பு. டிரையம்ஃப் டிஆர்6-க்கு அடியில் தனிச் சேஸி உண்டு. ஒரே கொக்கியை இரண்டிலும் ஒரே மாதிரி மாட்ட முடியாது என்பது இந்த ஒரு வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும்.

மிக மலிவான வழி பம்பரில் கவ்வும் பந்து. இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. குரோம் பம்பரைத் தாங்கும் கால்கள் பம்பரின் சொந்த எடையையும் நிறுத்துமிடத்துச் சிறு இடிகளையும் சமாளிப்பதற்காகச் செய்யப்பட்டவை. மேடுபள்ளத்தில் டிரெய்லர் மேலும் கீழும் இழுக்கும் இழுப்புக்காக அல்ல. நான் பார்த்த ஒரு காரில் இரண்டே பயணங்களில் பம்பர் ஒரு பக்கம் சாய்ந்து, அதன் கால் பின்தகட்டை வெளியே பிதுக்கியிருந்தது. சைக்கிள் தாங்கிக்குக்கூட இந்த ஏற்பாட்டை நான் சொல்லமாட்டேன்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கு இடையில்தான்: அந்த மாடலுக்கென்றே செய்து விற்கப்படும் போல்ட் கொக்கி ஒருபுறம், பட்டறையில் அளவெடுத்துச் செய்விக்கும் கொக்கி மறுபுறம். மாடலுக்கான கொக்கியின் பெரிய பலம், காரில் ஏற்கெனவே இருக்கும் துளைகளை அது பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்வது; நாளைக்குக் கழற்றிவிட்டால் கார் பழையபடியே நிற்கும். பட்டறைக் கொக்கியின் பலம், காருக்கு அடியில் முன்னோக்கி நீளும் அதன் கைகளை நமக்கு வேண்டிய நீளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது. இந்த நீளம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பந்தின் மேல் 50 கிலோ அமர்கிறது, பந்து பின் போல்ட்டுகளிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் போல்ட்டுகள் பின் போல்ட்டுகளிலிருந்து 60 செ.மீ. முன்னால் இருந்தால், முன்புறத் தகட்டில் விழும் விசை 25 கிலோ, பின்புறத்தில் 75 கிலோ. அதே கொக்கியில் முன்பின் போல்ட்டுகளுக்கு இடையே 15 செ.மீ. மட்டுமே இருந்தால், முன்புறம் 100 கிலோவும் பின்புறம் 150 கிலோவும் ஆகிவிடும். இது வண்டி அசையாமல் நிற்கும்போது வரும் கணக்கு. சாலையில் ஒவ்வொரு குழியும் இதைப் பெருக்கும். ஐம்பது ஆண்டு பழைய தகட்டுக்கு இந்த இரண்டில் எது உகந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குட்டைக் கைகளோடு வரும் அழகான ரெடிமேட் கொக்கியைவிட, கைகள் நீண்ட அசிங்கமான பட்டறைக் கொக்கியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் பட்டறைக்காரர் வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். கொக்கியின் பாகங்களை ஒன்றோடொன்று வெல்டு செய்வது வேறு, அதைக் காரின் உடம்போடு வெல்டு செய்வது வேறு. எம்ஜிபி-யில் பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு நேர்கீழே தொங்குகிறது. அங்கே நெருப்பைக் கொண்டுபோவது விபரீதம். துளை போடுவதானாலும் டேங்கை இறக்கிவிட்டுத்தான் போட வேண்டும். அதோடு, வெல்டு செய்த இடத்தின் உட்புறத்தில் பெயின்ட் கருகிவிடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

போல்ட் போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பட்டறையின் தரத்தை இங்கேதான் பார்க்கலாம். காரின் பின்புற நீளத் தண்டுகள் உள்ளே வெறுமையான பெட்டிகள். அவற்றின் குறுக்கே போல்ட்டைச் செலுத்தி முறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்க நசுங்க போல்ட் இறுக்கத்தை இழக்கும். ஆகவே துளையைப் பெரிதாக்கி, பெட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, அதன் வழியாகத்தான் போல்ட் போக வேண்டும். ஒற்றைத் தகடாக இருக்கும் இடங்களில் மறுபுறம் சாதாரண வாஷர் போதாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த தட்டு வைத்தால்தான் விசை பரவும். தட்டுக்கும் தகட்டுக்கும் இடையே சீலன்ட் தடவாவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கி, அடுத்த சில மழைக்காலங்களில் தட்டு மட்டும் மிஞ்சும். இன்னொன்று: அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் மரைகள் அங்குல அளவில் இருக்கும், முக்கால் சுற்று இறங்கியதும் இறுகிவிட்டது என்று நம்பி எம்10 என்ற மில்லிமீட்டர் அளவு போல்ட்டை அங்கே ஓட்டினால் மரை போய்விடும்.

நிலையான கழுத்து, கழற்றி மாட்டும் கழுத்து என்ற ஒப்பீட்டில் பலர் தயங்காமல் கழற்றும் வகைக்குப் போகிறார்கள். காரின் பின்னழகைக் கெடுக்காது என்பது அவர்கள் வாதம். அது சரிதான். ஆனால் சதுரக் குழாய்க்குள் செருகும் வகையில் பந்து இன்னும் சில செ.மீ. பின்னால் தள்ளிப்போகிறது, மேலே போட்ட கணக்கில் 30 என்பது 40 ஆகிறது. குழாய்க்குள் இருக்கும் இடைவெளியால் டிரெய்லர் காலியாகப் போகும்போது ஓயாத கடகடப்பும் உண்டு. ஐரோப்பிய வகைத் தட்டையான முகப்புக் கொக்கியில் பந்து 90 மி.மீ. இடைவெளியில் இரண்டு எம்16 போல்ட்டுகளால் நிற்கிறது. பயணம் முடிந்ததும் அந்த இரண்டைக் கழற்றினால் பந்து டிக்கிக்குள் போய்விடும். வெளியே தெரிவது கறுப்பு முகப்புத் தட்டு மட்டும். எனக்கு இதுவே பிடித்த சமரசம். பந்தின் அளவையும் கவனிக்க வேண்டும்: 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பின்னது 50.8 மி.மீ.; பந்தைக் கவ்வும் டிரெய்லரின் கிண்ணம் பெரிதாக இருந்தால் சின்னப் பந்தின் மேல் தளர்ந்துதான் உட்காரும்.

எந்தக் கொக்கியை மாட்டினாலும் காரின் சமநிலை மாறும். எம்ஜிபி-யின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.31 மீட்டர். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் பந்தில் 40 கிலோ அமர்ந்தால், பின் சக்கரங்களுக்கு 57 கிலோ கூடும், முன் சக்கரங்களிலிருந்து 17 கிலோ குறையும். ஏற்கெனவே தளர்ந்த பின் ஸ்பிரிங் பட்டைகள் இதில் மேலும் தாழும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷ 911-இல் முன்பக்கம் தொடக்கத்திலேயே லேசு என்பதால் இந்தக் கணக்கு அங்கே இன்னும் கசக்கும். அதற்காகப் பந்தின் மேல் அமரும் எடையை அறவே இல்லாமல் செய்துவிட்டால் டிரெய்லர் பாம்புபோல நெளியும். பெட்டிகளை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்குவதுதான் வழி.

மின்சாரத்திலும் இரண்டு வழிகள் உள்ளன: பழைய ஒயர்களை இடையில் கிள்ளி இணைப்பது ஒன்று, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸுடன் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சு) வழியாகக் கொடுப்பது மற்றொன்று. பழைய இண்டிகேட்டர் சுவிட்சு இரண்டு 21 வாட் பல்புகளுக்கானது. மூன்றாவதும் சேர்ந்தால் 5 ஆம்பியரைத் தாண்டும், பழைய ஃபிளாஷரின் தாளமும் மாறும். மின்சாரம் தரும் பழைய டைனமோவோ மொத்தம் 22 ஆம்பியர் அளவில்தான் தருகிறது. ஆகவே ரிலேதான் என் தேர்வு. ஆனால் 1967-க்கு முந்தைய எம்ஜிபி-களில் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அங்கே கடையில் வாங்கும் மின்னணு ரிலே பெட்டியும் எல்ஈடி விளக்கும் வேலை செய்யாது. சாதாரண ரிலேயும் இழைப் பல்புகளும் குறை சொல்லாமல் வேலை செய்யும்.

மாடல்வாரியாகச் சொல்வதானால், டிஆர்6-க்குச் சேஸியின் பின்முனைகளில் போல்ட் செய்யும் கொக்கி மிக எளிது. ஆனால் பின் சக்கரங்களைத் தாங்கும் கைகள் சேஸியில் இணையும் இடங்களிலும் டிஃபரென்ஷியல் தாங்கிகளிலும் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று முதலில் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். எம்ஜிபி-க்கு நீண்ட கைகளும் தட்டை முகப்பும் உள்ள கொக்கி. ஜாகுவார் ஈ-டைப்பின் முதல் தொடரில் (சீரீஸ் 1) இரட்டைப் புகைக்குழாய்கள் நம்பர் பிளேட்டுக்குக் கீழே நடுவில்தான் வெளிவருகின்றன. கொக்கி நிற்க வேண்டிய இடமும் அதுவே. அதற்கு டிக்கி மூடியின் மேல் ஒரு சாமான் தாங்கியை வைத்துக்கொண்டு, கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம்.