அரிசி ஆலை, குடோன் வைத்திருப்பவர்களுக்கு: புறா விரட்ட வந்தவரிடம் நாங்கள் ஏமாந்தது

காங்கேயம் வட்டாரத்தில் அரிசி மில், எண்ணெய் மில், தீவனக் குடோன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். புறாவை ஒழித்துக் கட்டித் தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் மூன்று மாதத்தில் 1,61,160 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஒரு புறாகூடக் குறையவில்லை. அந்த ஆள் இன்னும் இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று போன வாரம் தெரிந்ததால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன், அதே வேலையோடு யார் வந்தாலும் உஷாராகிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து மில்லை நான்தான் பார்க்கிறேன். போன தை மாதம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சம்பா நெல் லோடு லோடாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். எங்களிடம் வழக்கமாக வாங்கும் மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பிரித்த 25 கிலோ பை, வெள்ளை வெளேரென்று அரிசி, அதன் மேல் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாம்பல் நிற இறகு. மறுநாள் 40 மூட்டை திரும்பி வந்தது. மேல் மூட்டைகளில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. நஷ்டத்தைவிட அந்தப் படம்தான் என்னைத் தூங்க விடவில்லை. யாரோ ஒரு வீட்டு உலையில் விழ வேண்டிய அரிசி அது.

புறா நெல் தின்பதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் நிறைய. ஒரு புறா ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 30 கிராம். அறுபது புறா சேர்ந்தாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது, குடோனில் சிந்துவதே அதைவிட அதிகம். எச்சம்தான் ஆபத்து. காய்ந்தால் வெள்ளையாகப் பொடிந்து அரிசியோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சால்மோனெல்லா கிருமி அதில் இருக்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில், பூச்சியோ எலியோ பறவையோ நுழையக்கூடிய ஓட்டைகளை அடைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வலை போட வேண்டும் என்று இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸைத்தான்.

பதறிப்போய்த் தேடியதில் கிடைத்தவர்தான் இவர். சட்டை, டை, கையில் அச்சடித்த கலர் புத்தகம். குடோன் வாசலில் நின்றபடியே, "மேடம், எதுவும் பார்க்கத் தேவையில்லை, இந்த மாதிரி நூறு மில் பார்த்தாச்சு" என்றார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏணி கேட்கவில்லை. புறா எந்த வழியாக வருகிறது, எங்கே கூடு வைத்திருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. ஆறு அல்ட்ராசோனிக் பெட்டி, பெட்டி 9,500 ரூபாய், ஆக 57,000. வலை 4,200 சதுர அடி, அடிக்கு 18 ரூபாய், 75,600. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, பில் போட்டால் விலை கூடும் என்று ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அல்ட்ராசோனிக் என்றால் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தம், மனிதக் காதுக்குக் கேட்காது. எலிக்குக் கேட்கும். புறாவுக்கு? அதன் காது எட்டாயிரம், பத்தாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதாவது உயர்ந்த சத்தத்தில் புறாவின் காது நம் காதைவிட மந்தம். நமக்கே கேட்காத சத்தம் அதற்கு எப்படிக் கேட்கும்? இதைப் பணம் கொடுத்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி மாட்டிய நாலாம் நாள் ஒரு ஜோடி மூன்றாம் நம்பர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வலை அதைவிடக் கொடுமை. மீன்வலை போன்ற மெல்லிசான நைலான். சுற்றிலும் கம்பி இழுத்துக் கட்டவில்லை. டிரஸ்ஸில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நடுவில் தூளி மாதிரித் தொங்கியது. மூலைகளில் கை நுழையும் அளவு இடைவெளி. கட்டுவதற்கு முன்னால் மேலே கூடு இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. புறா இரண்டு முட்டை வைத்துப் பதினெட்டு நாள் போல அடைகாக்கும், குஞ்சு பறக்க அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எந்த மாதத்திலும் கூடு இருக்கும். ஒன்பதாம் நாள் குடோனுக்குள் நாற்றம் தாங்கவில்லை. மேஸ்திரி ஏணி வைத்து ஏறினார். வலைக்கு மேலே, தாய் வர வழியில்லாமல், இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. உடம்பில் மஞ்சள் பூ மயிர்கூட இன்னும் உதிரவில்லை. புழு வைத்து, வலைக் கண் வழியாகக் கீழே மூட்டை அடுக்கிய அட்டியின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அட்டியின் மேல் வரிசையை அப்படியே கொட்டிவிட்டோம். அடுத்த இரண்டு நாள், கூட்டிலிருந்து இறங்கிய உண்ணி லோடுமேன்களைக் கடித்துக் கை கழுத்தெல்லாம் தடித்துப்போனது.

போன் போட்டுச் சத்தம் போட்டேன். அமைதியாகப் பேசினார். "உள்ளே மாட்டிக்கிட்ட புறாவையெல்லாம் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டா சரியாயிடும் மேடம். புறாவுக்கு 120 ரூபாய்தான்." ராத்திரி டார்ச் அடித்துப் பிடித்து, கோழிக்கூண்டில் போட்டு, விடியற்காலையில் சென்னிமலை அடிவாரத்தில் விட்டுவிடுவார்களாம். முதல் தடவை 64, அடுத்து 58, அப்புறம் 61, கடைசியில் 55. மொத்தம் 238 புறா, 28,560 ரூபாய். கூண்டை எண்ணித்தான் காசு கொடுத்தேன், எண்ணிக்கையில் தப்பில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு மேஸ்திரி என்னிடம் வந்து, "ஏனுங் அம்மிணி, இதெல்லாம் போனவாரம் பிடிச்சதாட்டவே இருக்குதுங்" என்றார். அவர் சின்ன வயதில் பந்தயப் புறா வளர்த்தவர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் புறா கூட்டுக்குத் திரும்பிவிடும், அதற்குத்தானே பந்தயமே என்றார். நாலாவது தடவை, பிடிக்க வந்த பையன்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், ஏழு புறாவின் காலில் மூட்டை தைக்கும் சிவப்பு நூலைத் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். அன்று காலை எப்போதும்போல வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டுக் காட்டினார். கூரை ஷீட் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்ததில் நாலு காலில் சிவப்பு. சாயங்காலத்துக்குள் ஐந்தானது, அடுத்த நாள் ஆறு. அதே அறுபது சொச்சம் புறாவை நாலு தடவை எனக்கு விற்றிருக்கிறார் அந்த மனிதர். நூல் காலில் இறுகினால் விரல் அழுகிப்போகும் என்பதால், மேஸ்திரி ராத்திரி ஏறி ஐந்தைப் பிடித்து பிளேடால் அறுத்துவிட்டார். ஆறாவது சிக்கவில்லை, ஏழாவது வரவே இல்லை. அந்த இரண்டும் என் மனதில் இன்னும் உறுத்துகின்றன.

இதைச் சொல்லிக் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும்விட மோசம். "அப்ப மருந்து வச்சிடலாம் மேடம், ஒரே நாள்ல முடிஞ்சிடும்." உணவு வைக்கும் இடத்தில் விஷம் கலந்த தானியம்! தின்ற புறா அங்கேயே விழாது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் குழியில், நெல் ஊறும் தொட்டியில், எங்கே வேண்டுமானாலும் போய் விழும். எங்கள் களத்துக்குக் காலையும் மாலையும் மயில் வருகிறது. அதைக் கொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய குற்றம். புறாவுக்கே விஷம் வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். அவர் வைத்துவிட்டுப் போய்விடுவார், வழக்கு மில்லின் மேல்தான் வரும். அன்றோடு கேட்டுக்கு உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன்கள் இருபது வயதுகூட ஆகாதவர்கள். காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் அப்படியே கூட்டினார்கள், தூசு புகையாக எழும்பியது. முகக்கவசம் கிடையாது. காய்ந்த புறா எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். தண்ணீரோ கிருமிநாசினியோ தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் சுரண்ட வேண்டும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். உங்கள் ஆட்களையும் இப்படிச் செய்ய விடாதீர்கள்.

பிறகு ஈரோட்டிலிருந்து வேறொருவர் வந்தார். முதல் நாள் விலையே சொல்லவில்லை. மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை களத்தில் நின்று புறாக்கள் எங்கே நுழைகின்றன என்று பார்த்தார், பிறகு ஏணி கேட்டார். கூரை உச்சி வெண்டிலேட்டர், சுவரும் ஷீட்டும் சேரும் இடத்து நெளிவுகள், லோடு இல்லாதபோதும் திறந்தே கிடக்கும் கிழக்கு ஷட்டர் என்று மூன்றே வழி. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் வலை போதும், மைனாவுக்கு 28, சிட்டுக்குருவியும் வந்தால் 19 வேண்டும் என்றார். எங்களுக்குக் குருவியும் உண்டு, அதனால் 19. கூடுகளில் குஞ்சு பறக்கும்வரை ஐந்து வாரம் காத்திருந்து, கூட்டை எடுத்துவிட்டு, சுற்றிலும் இரும்புக் கம்பி வடம் இழுத்து வலையை அதில் விறைப்பாகக் கோத்தார். கையால் தட்டினால் மேளத்தோல் மாதிரி இருக்கிறது. ஷட்டருக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை. நெல் கொட்டும் குழியைச் சுற்றிச் சிந்துவதைத் தினமும் மாலை நாங்களே கூட்டி அள்ளுகிறோம். புறாக்கள் களத்துக்கு இன்னமும் வருகின்றன. குடோனுக்குள் ஒன்றுகூட இல்லை.

போன பணம் போனதுதான். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், பில்லும் இல்லை. அவர் இப்போது வெள்ளகோவில் பக்கம் ஒரு எண்ணெய் மில்லில் அதே பச்சை விளக்குப் பெட்டியைக் காட்டி விலை பேசியிருக்கிறார். எங்களுடைய ஆறு பெட்டியும், அவர் கைப்பட எழுதிய கணக்குத் தாளும், நூல் கட்டிய புறாவின் படங்களும் என்னிடம் இருக்கின்றன. விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்றால் மில்லுக்கு வாருங்கள், காட்டுகிறேன்.