பக்கியின் பின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு ஓட்டியதில் தெரிந்தது

பின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டால் வண்டி பாதித் தூரத்திலேயே நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலி பக்கியில் (பிக்கப் வண்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்), காய்ந்த ரோட்டில், ஒருமுறை பிரேக்கை அழுத்தினால் முன்பு எங்கே நின்றதோ ஏறக்குறைய அங்கேதான் இப்போதும் நிற்கிறது. அழுத்தும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது, பெரும்பாலான வேலையை முன் டிஸ்க்தான் செய்கிறது, டயரின் பிடி தீர்ந்த பிறகு பின்னால் எது இருந்தால் என்ன? வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

என்னுடையது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத 2.5 டீசல் டொயோட்டா ஹைலக்ஸ், சிங்கிள் கேப். நம் தென்னாப்பிரிக்காவிலேயே, டர்பன் ப்ராஸ்பெக்டன் ஆலையில் செய்ததுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பந்தல் சாமான், நாற்காலி, அண்டா, கேஸ் அடுப்பு எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். காவடி சீசனிலும் ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோவில் திருவிழாவிலும் பக்கிக்கு ஓய்வே கிடையாது. கல்யாணம் என்றால் சில நேரம் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா வரைக்கும் போக வேண்டியிருக்கும். போகும்போது மலை ஏற்றம், எஞ்சின்தான் பாவம். திரும்பி வரும்போதுதான் பிரேக்குக்கு வேலை. N3 நெடுஞ்சாலையில் முதலில் வான் ரீனன் கணவாய், அப்புறம் ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில், அதோடு முடிந்தது என்று நினைத்தால் கீ ரிட்ஜ் இறக்கம். இடது பக்கம் லாரிகள் ஊர்ந்து கொண்டிருக்கும், மூடுபனி வேறு, முன்னால் போகிறவன் எப்போது பிரேக் போடுவான் என்று தெரியாது. தேர்டு கியரில் இறங்கினாலும் காலை பெடலிலிருந்து எடுக்க முடியாது.

டிரம் இருந்தபோது டவுன் ஹில் பாதி இறங்குவதற்குள் பெடல் கீழே போகத் தொடங்கிவிடும். சூடேறினால் டிரம் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது, அந்த இடைவெளியை மிதித்துத்தான் நிரப்ப வேண்டும். டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, சூட்டில் தடித்தாலும் அதை இரு பக்கமும் அழுத்தும் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றும் நேராகப் படுகிறது. இப்போது பாரத்தோடு மலையின் உச்சியில் பெடல் எங்கே பிடிக்கிறதோ அடிவாரத்திலும் அங்கேயே பிடிக்கிறது. நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது முக்கியமாக இதுதான். பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்கு, டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிட அதிக பிரேக் ஆயில் வேண்டும் என்பதால் பெடல் முன்பைவிடச் சற்று ஆழத்தில் பிடிக்கும், முதலில் கொஞ்சம் பயமாக இருக்கும், பழகிவிடும்.

தண்ணீர் இன்னொரு காரணம். 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை, ப்ராஸ்பெக்டன் ஆலையே முழுகிக் கிடந்தது. அந்த வாரங்களில் சேற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் பின் டிரம் எதையுமே பிடிக்காது, பல தடவை மிதித்துக் காய வைக்க வேண்டும், உள்ளே புகுந்த மணல் ஷூவையும் டிரம்மையும் அரைத்துக் கொண்டே இருக்கும். டிஸ்க் இரண்டு சுற்றில் தண்ணீரை உதறிவிடுகிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் மாற்றினேன்.

இப்போது மாற்ற நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி மேலே சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்குப் போகும், பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று தீர்மானிப்பது அதுதான். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும், மழையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அழுத்தத்தைக் கூட்டும். நான் அண்டா ஏற்றுவதற்காக ஒரு பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டிருந்தேன், அவர்கள் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. பட்டையால் வண்டி எப்போதும் உயரமாக நின்றதால், ஒரு டன் ஏற்றினாலும் காலி வண்டி என்றே வால்வு நினைத்துக்கொண்டிருந்தது. ஃபீனிக்ஸில் டிஸ்க் மாற்றிக் கொடுத்த தம்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த கையோடு சொன்னான்: "அண்ணே, டிரம்மைத் திட்டாதீங்க, முதல்ல இந்தக் கம்பியைப் பாருங்க."

டிரம்மையே வைத்திருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். டிஸ்க்குக்கு மாறினால் இன்னும் அதிகம் பொருந்தும். டிரம்மில் முன் ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே உள்ளே இழுக்கப்பட்டுத் தானே இறுகும், அதனால் கொஞ்சம் அழுத்தம் போதும். டிஸ்க்கில் அந்த இலவச உதவி கிடையாது, ஆயில் அழுத்தம் கொடுப்பதுதான் பிடி. பழைய வால்வைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு டிஸ்க் மட்டும் மாட்டினால் பின்னால் பளபளவென்று இருக்கும், வேலை செய்யாது. அந்தத் தம்பி கம்பியின் நீளத்தைச் சரிசெய்தான், பிறகு காலி வண்டியில் ஈரமான இடத்தில் பிரேக் அடித்துப் பார்த்து, முன் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று உறுதி செய்த பிறகுதான் சாவியைக் கொடுத்தான். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கில் எனக்கு நஷ்டம்தான், இதை விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். டிரம் மாதிரி இறுக்கிப் பிடிக்க காலிப்பருக்குள் இருக்கும் ஹேண்ட்பிரேக்கால் முடியவில்லை. சாட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவு, என் வீட்டு வாசலும் அப்படித்தான். இதில் இன்னொரு கூத்து: மலை இறங்கி வந்த சூட்டோடு நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், டிஸ்க் ஆறும்போது சுருங்கிப் பிடி தளர்ந்துவிடும். அதனால் கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கிறேன். ஹேண்ட்பிரேக்குக்கென்று டிஸ்க்குக்குள்ளேயே சின்ன டிரம் உள்ள கிட்டும் உண்டு. விலை கூட, ஆனால் இன்றைக்கு மறுபடி செய்வதென்றால் அதைத்தான் வாங்குவேன்.

பராமரிப்பு டிரம்மைவிடச் சுலபம் என்பார்கள், பாதிதான் உண்மை. பேட் மாற்றுவது சுலபம், டிரம்மின் ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் கடலோரக் காற்றில் காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகிக்கொள்கின்றன, அப்போது உள்பக்கப் பேட் மட்டும் வேகமாகத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும், சக்கரத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். டயர்களை இடம் மாற்றிப் போடும்போதெல்லாம் பின்களைத் துடைத்து அதற்குரிய கிரீஸ் போடச் சொல்கிறேன். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

புது டிரம், ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிக் கம்பியைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு எனக்கு ஆனது. டர்பனுக்குள்ளேயே காலியாக ஓட்டுகிறவர்கள் அந்தச் சின்னச் செலவைச் செய்து பாருங்கள், அதுவே போதும். மாதம் தவறாமல் பாரத்தோடு மலை இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் டிஸ்க்கைப் பரிந்துரைப்பேன். மாற்றினால் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது ரோட்வொர்த்தி பரிசோதனையில் (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது) ஹேண்ட்பிரேக்கையும் பார்ப்பார்கள், கேபிள் தளர்ந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் ஸ்பேர் சக்கரம். கிட் மாட்டிய அன்றே அதையும் பின்னால் இரண்டு பக்கமும் போட்டுச் சுற்றிப் பாருங்கள். எனக்கு ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது. சக்கரம் ஆடாமலிருக்க உள்பக்கம் ஒட்டுகிற பேலன்ஸ் வெயிட் காலிப்பரில் உரசியதால், டயர் கடைக்குப் போகும்போதெல்லாம் வெளி விளிம்பிலேயே அடிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.