நெற்களஞ்சியமாக இருந்த உள்ளரங்கு: ஒரு பயிற்றுநரின் மதிப்பீடு

பம்பைமடுவில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களும் எங்களைப் போன்ற பாடசாலைப் பயிற்றுநர்களும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கின்ற, வவுனியாவின் பல்நோக்கு உள்ளரங்கு ஒன்றை இரண்டு மாரிகளாகப் பயன்படுத்தியிருக்கிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

கூரையுள்ள அரங்கு வன்னிக்கு ஆடம்பரம் அன்று. ஐப்பசி பிறந்தால் மண் அரங்குகள் சேறாகிவிடும். மாகாண மட்டப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் தை வரை பந்தைத் தொடாமலே இருந்த ஆண்டுகள் உண்டு. கூடைப்பந்தாட்டத்தை 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவில் உருவாக்கியதும், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகவே. அங்கே பனி, இங்கே மாரி. 1991 இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த நிறுவனத்தில், வளாகக் காலத்தில் படித்தவன் நான். போர்க்காலத்து மாலைகளில் வெளிச்சம் இருக்கும் வரை வெறும் தரையில் கரப்பந்து ஆடிவிட்டு விடுதிக்கு ஓடியவர்களுக்கு, மின்விளக்கின் கீழ் இரவு எட்டு மணிக்கும் விளையாடலாம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

இந்த அரங்கு முன்பு நெற்களஞ்சியமாக இருந்தது. அதன் நிறைகளும் குறைகளும் அந்தப் பழைய வாழ்விலிருந்தே வருகின்றன. மூட்டைகளின் பாரத்தைத் தாங்கப் போட்ட சீமெந்துத் தரை வெடிப்பின்றிச் சமமாக இருப்பதால், அதன்மேல் ஒட்டிய வினைல் விரிப்பு எங்கும் மேலெழவில்லை. வாசலில் ஈரச்சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கும். பிள்ளைகள் சப்பாத்தின் அடியை அதில் இரண்டு தரம் தேய்த்துவிட்டே உள்ளே வர வேண்டும். செம்மண் தூள் ஒரு பிடி படிந்தாலும் அந்த விரிப்பு வழுக்கும் என்பதைக் காவலாளி ஐயா நன்றாக அறிந்திருக்கிறார்.

தரையில் நான்கு நிறக் கோடுகள் வரையப்பட்டுள்ளன. 13.4 மீற்றர் நீளமும் 6.1 மீற்றர் அகலமும் கொண்ட பூப்பந்து அரங்குகளே இங்கு மிகச் சிறந்தவை: காற்று உள்ளே புகாது, வெளிச்சம் கண்ணில் அடிக்காது. வலைப்பந்தாட்டத்துக்கோ 30.5 மீற்றர் நீளம் வேண்டும். அதைக் கட்டடத்துக்குள் எப்படியோ அடக்கியிருக்கிறார்கள், ஆனால் பின் கோட்டிலிருந்து சுவர் வரை என்னுடைய இரண்டு எட்டுகளே இருக்கின்றன. வேகமாக ஓடிவந்த மாணவி ஒருத்தி கையால் சுவரைத் தாங்கி நின்றபோது என் நெஞ்சு பதறியது. அந்தச் சுவரில் மெத்தை கட்டும் வரை அங்கே முழு ஆட்டம் ஆடவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கரப்பந்தாட்டமே எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. இலங்கையின் தேசிய விளையாட்டாக 1991 இல் அறிவிக்கப்பட்ட இந்த ஆட்டத்துக்கு, ஆடுதளத்துக்கு மேலே குறைந்தது 7 மீற்றர் தடையற்ற வெளி வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கிறது. மூட்டை அடுக்கக் கட்டிய கூரைக்கு அந்த உயரம் கிடையாது. உயர்த்திக் கொடுக்கும் பந்து இரும்புத் தீராந்தியில் 'டங்' என்று பட்டுத் திரும்பும். கூரையில் பட்ட பந்து வெளியே சென்றதாகவே கணக்கிடப்படும் என்பதால், பிள்ளைகள் தங்களை அறியாமலே தாழ்வாகக் கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை வெளி அரங்கில் மாற்றி எடுக்க எனக்கு ஒரு மாதம் சென்றது. ஆகவே, இங்கு பந்தைப் பணிப்பதையும் பெறுவதையும் மட்டும் பழக்குங்கள், கோர்வையான தாக்குதலைப் பழக்க வேண்டாம் என்று சக பயிற்றுநர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகல் பதினொரு மணிக்குப் பிறகு நிற்க முடியாது. காலை ஆறு மணியையோ மாலையையோ பதிவு செய்வதே நல்லது. பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனி அறை உண்டு, உள்ளிருந்து பூட்டலாம், தண்ணீரும் வருகிறது. வாடகையும் நியாயமானது. மாரியில் மட்டும் பல்கலைக்கழக அணிகள் முன்கூட்டியே நேரத்தை எடுத்துவிடுவதால், புரட்டாதியிலேயே சென்று பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.