நாவலா, நாவா? ஆங்கில எம்.ஏ. புராஜெக்ட்டுக்கு எந்த வழி

மூன்றாம் செமஸ்டர் முடிந்த கையோடு ஆங்கில எம்.ஏ. வகுப்பில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். பெயர், பதிவெண், ஆய்வுத் தலைப்பு என்று மூன்று கட்டங்கள். திரும்பி வரும் தாளில் பெரும்பாலான தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும்: அனிதா தேசாயில் பெண்ணியம், ஜும்பா லாஹிரியில் புலம்பெயர்வு, டோனி மாரிசனில் நினைவும் வடுவும். மொழியியல் பக்கம் கை நீட்டுபவர் ஒருவரோ இருவரோ. "ஏன், நாவல் எதுவும் கிடைக்கவில்லையா?" என்று அவர்களைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

பல ஆண்டுகளாக இந்தப் புராஜெக்ட்டுகளுக்கு நெறியாளராக இருந்துவரும் எனக்கு அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. இலக்கியம் எளிது, மொழியியல் கடினம் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மை நேர்மாறானது என்பது என் கருத்து. நான்கு மாதமும் அறுபது பக்கமும் மட்டுமே கையிலுள்ள மாணவருக்குப் புதிதாக ஒன்றைக் கண்டு சொல்லும் வாய்ப்பைச் சிறிய மொழியியல் ஆய்வுதான் தாராளமாகத் தருகிறது. நல்ல இலக்கிய ஆய்வு அதைவிட அரிது. எளிது என்று நம்பி எடுப்பதால்தான் அது பாழாகிறது.

முன்பு இந்தத் தேர்வுக்கு இவ்வளவு கனம் இல்லை. எம்.ஏ.வில் தடுமாறியவர் எம்.ஃபில்.லில் ஓராண்டு உட்கார்ந்து, ஆய்வு என்றால் என்னவென்று கற்றுக்கொள்வார். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த விதிமுறைகளோடு எம்.ஃபில். முடிந்துபோனது. இன்று எம்.ஏ. புராஜெக்ட்டுக்கு அடுத்த படி நேராக முனைவர் பட்டம். முதல் தவறுகளைச் செய்து திருந்துவதற்கு இருக்கும் ஒரே இடம் இந்த அறுபது பக்கம்தான்.

மாணவ நிலையிலேயே பெரிதாகச் சாதித்த இருவரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறியவர் வில்லியம் எம்ப்சன். ஐ.ஏ.ரிச்சர்ட்ஸின் மாணவராக இருந்தபோது, ஒரு கவிதை வரிக்குள் எத்தனை பொருள்கள் ஒரே நேரத்தில் இயங்க முடியும் என்று எழுதத் தொடங்கினார். அது 1930இல் நூலாக வந்தபோது அவருக்கு 24 வயது. அவரிடம் இருந்தவை கவிதைகளும், குறுக்கே நிற்காத ஓர் ஆசிரியரும், அபாரமான காதும்தான்.

மற்றவர் வில்லியம் லபோவ். மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்துவிட்டுத் தாமதமாகக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். முதுகலை ஆய்வுக்காக அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் போய், 69 தீவுவாசிகளின் பேச்சைப் பதிவு செய்தார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களின் உயிரொலியைச் சிலர் பழைய முறையில் ஒலித்தார்கள். யார் அந்தச் சிலர்? கோடைக்கு வந்து குவியும் வெளியூர்க்காரர்களுக்கு நடுவே, இது எங்கள் தீவு, இங்கேதான் இருப்போம் என்ற பிடிப்புள்ளவர்கள். மண்ணின் மீதுள்ள பற்று உயிரொலியில் கேட்கிறது என்று ஒரு முதுகலை மாணவர் காட்டினார். 1963இல் அது கட்டுரையாக வெளிவந்தது. சமூக மொழியியல் என்ற துறையே அதன் மேல் எழுந்தது.

எம்ப்சனைப் படித்தால் வியப்பு வரும், ஆனால் அவர் செய்ததைச் செய்யும் வழி பிடிபடாது. லபோவைப் படித்து முடிக்கும்போது, இதை நம் ஊரில் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். 1966இல் அவர் வெளியிட்ட நியூயார்க் ஆய்வு அப்படிப்பட்டது. விலை உயர்ந்த கடை, நடுத்தரக் கடை, மலிவான கடை என்று மூன்றுக்குப் போய், நான்காம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களைக் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலில் 'ர்' ஒலிக்கிறதா என்பதுதான் அவர் தேடியது. 264 பேர். ஒரு முறையாவது 'ர்' ஒலித்தவர்கள் விலை உயர்ந்த சாக்ஸ் கடையில் 62 விழுக்காடு, நடுத்தர மேசிஸில் 51, மலிவான கிளைனில் 20. ஒற்றைக் கேள்வியும் ஒரு சிறு நோட்டும் போதுமாக இருந்தன. மேதைமை கேள்வியை அமைத்த விதத்தில் இருக்கிறது. அதைப் பின்பற்றிச் செய்யச் சாதாரண மாணவராலும் முடியும்.

நம் மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே. லிஸ்கர், ஏப்ரம்சன் என்ற இரண்டு ஒலியியலாளர்கள் 1964இல் பதினொரு மொழிகளில் ஓர் அளவை எடுத்தார்கள். ப, த, க போன்ற ஒலியை வெளியிட உதடோ நாக்கோ திறந்த பிறகு, குரல்வளை அதிரத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அந்த அளவு. ஆங்கிலத்தின் 'ப்'புக்கு 58 மில்லி நொடி, 'ட்'டுக்கு 70, 'க்'குக்கு 80. அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. தமிழுக்கு முறையே 12, 8, 24. ஆங்கிலேயர் 'பென்' என்று சொல்லும்போது ஒரு மூச்சு வெளியேறுகிறது, நாம் 'பல்' என்று சொல்லும்போது அது இல்லை. இதைக் காதால் உணர்ந்திருப்போம். அவர்கள் எண்ணாக்கிக் காட்டினார்கள், அதுவும் மிகச் சிலரின் பேச்சை வைத்து.

தமிழர் ஆங்கிலம் பேசும்போது அந்த 'ப்' எங்கே நிற்கிறது, 12இன் பக்கமா, 58இன் பக்கமா? தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலவழியில் படித்தவர், கால் சென்டரில் ஓராண்டு வேலை பார்த்தவர், மூவருக்கும் ஒரே எண்தானா? பத்துப் பேரை உட்காரவைத்து, பதினைந்து சொற்களை இருமுறை சொல்லவைத்தால் முந்நூறு அளவுகள். பேச்சொலியை அளக்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிராட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். இரண்டு வாரம் பொறுமையாக உட்கார்ந்தால் முந்நூறும் கையில். வரும் விடை சிறியதாக இருக்கலாம், ஆனால் அந்தப் பத்துப் பேரைப் பற்றி அதற்கு முன் யாருக்கும் தெரியாத விடை அது. 'அனிதா தேசாயில் பெண்ணியம்' அறுபது பக்கம் ஓடிய பிறகும் இப்படி ஒன்றைத் தருவது அரிது.

பேச்சில் இறங்கத் தயங்குபவருக்கு அச்சு இருக்கிறது. கோல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி.சாஸ்திரி தலைமையில் இந்திய ஆங்கிலத்துக்கென்று பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகம் ஒன்று, அதாவது ஆய்வுக்கான எழுத்துத் தொகுப்பு, உருவானது. 1978இல் அச்சான எழுத்துகளிலிருந்து, 500 மாதிரிகளாக எடுத்தது. அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1961இன் எழுத்துகளை வைத்து உருவான பிரவுன் தரவகத்தின் அதே அளவு, ஏறத்தாழ அதே அமைப்பு. 'ஐ ஆம் நோயிங்' என்று இந்தியர் எழுதுவதாகக் கேலி செய்கிறார்களே, அச்சில் உண்மையிலேயே அப்படி எழுதுகிறோமா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

மொழியியலின் கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். நம் வகுப்பறைகளில் மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்தால், பிராட் திரையில் பேச்சைவிட விசிறிதான் தெளிவாகத் தெரியும். மார்ச் மாத மதுரையில் விசிறியை நிறுத்துவது எவ்வளவு பெரிய தியாகம் என்று சொல்லத் தேவையில்லை. பேசுபவரிடம் சம்மதம் எழுதி வாங்க வேண்டும். வாங்கியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிப்பவராக மாறிவிடுவார். அவரைப் பழைய பேச்சுக்குத் திருப்ப ஊர்த் திருவிழாவைப் பற்றியோ, பள்ளிக் காலத்தில் பட்ட அடியைப் பற்றியோ கேட்க வேண்டும். எங்கள் துறைகளில் புள்ளியியல் சொல்லித்தர ஆள் கிடையாது. முந்நூறு எண்களை வாங்கிவிட்டுச் சராசரிக்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கணிதத் துறையின் கதவைத் தட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் இலக்கியத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். விட வேண்டியது எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் பழக்கத்தை மட்டும்தான். ஒரு கோட்பாட்டை எடுத்து, ஒரு நாவலை எடுத்து, முதலாவதை இரண்டாவதன் மேல் கவிழ்ப்பது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் நாவலாசிரியரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அதே தலைப்பு சிறிய மாற்றங்களோடு எத்தனை பல்கலைக்கழகங்களிலிருந்து வந்திருக்கிறது என்று தெரியும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே சிக்கல். போதாததற்கு, அந்த அச்சில் வரும் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரே இரவில் எழுதித் தந்துவிடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி 'ஹாஸ்பிட்டல்' என்பதை எப்படி ஒலிக்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் உங்கள் கண் ஏன் நின்றது என்பதும் தெரியாது.

இலக்கிய ஆய்வு தொடங்க வேண்டியது அந்தக் கண் நின்ற இடத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி அருந்ததி ராயின் 1997ஆம் ஆண்டு நாவலான 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' பற்றி எழுத வந்தார். தலைப்பு என்ன என்றேன். சாதியும் பாலினமும் என்றார். நல்ல பொருள்தான். உன்னை நிறுத்திய வரி ஒன்றைக் காட்டு என்றேன். சற்று யோசித்துவிட்டு, பதிலாக ஒரு கேள்வி கேட்டார்: "சார், இந்தப் பிள்ளைகள் ஏன் சொற்களை உடைக்கிறார்கள்?"

இரட்டைக் குழந்தைகளின் காதில் 'பார்ன் அவுல்' என்ற ஆந்தை 'பார் நவுல்' ஆகிறது. 'லேட்டர்' என்ற சொல் 'லே', 'டெர்' என்று இரண்டாகிறது. தாய்க்குச் சொத்தில் சட்ட உரிமை இல்லை என்பதைச் சொல்லும் 'லோகஸ் ஸ்டாண்டை' என்ற லத்தீன் தொடர் 'லோகஸ்ட்ஸ் ஸ்டாண்ட் ஐ' என்று வெட்டுக்கிளிகளாகிறது. சாதியும் பாலினமும் அந்த வெட்டுக்கிளிக்குள் இருக்கின்றன. ஆனால் கோட்பாட்டிலிருந்து தொடங்கியிருந்தால் அந்த மாணவி அங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

இங்கே மூன்றாவது வழி ஒன்று திறக்கிறது. நடையியல். இலக்கியத்திலிருந்து கேள்வி, மொழியியலிலிருந்து கருவி. வில்லியம் கோல்டிங்கின் 'தி இன்ஹெரிட்டர்ஸ்' நாவலை வைத்து மொழியியலாளர் ஹாலிடே 1971இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல வழிகாட்டி. அந்த நாவலில் ஆதிமனிதன் ஒருவன், எதிரே நிற்பவன் தன் மேல் அம்பு தொடுப்பதைப் பார்க்கிறான். ஆனால் அவனுக்குத் தெரிவது ஒரு குச்சி இருபுறமும் குறுகிப் பிறகு நீள்வது மட்டுமே. ஹாலிடே வாக்கியங்களை எண்ணி, ஒருவர் ஒரு பொருளின் மேல் செயல்படுவதாகச் சொல்லும் வினைகள் அவன் உலகில் மிகக் குறைவு என்று காட்டினார். காரணமும் விளைவும் அவன் இலக்கணத்தில் இணையவில்லை. இந்த முறையை இலக்கிய விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் கடுமையாகத் தாக்கினார்: எண்ணிக்கை தானாகப் பொருளைத் தருவதில்லை, பொருளை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் எண்ணுகிறீர்கள் என்றார். அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிப்பதே ஒரு மாணவருக்கு நல்ல பயிற்சி.

மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஏ.கே.ராமானுஜன்தான் பிறகு குறுந்தொகையை ஆங்கில உலகுக்கு எடுத்துச் சென்றார். இரண்டு பயிற்சியும் ஒரே மனிதரிடம் பகையின்றி இருந்தன.

தேர்வு, வேலை பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள், மொழியும் இந்தியாவில் ஆங்கிலமும் அவற்றில் இரண்டு, மற்றவை பெரும்பாலும் இலக்கியமும் கோட்பாடும். மொழியியலுக்குத் தனி நெட் உண்டு. எனவே கல்லூரி ஆசிரியர் வேலையை நோக்கிப் படிப்பவர், புராஜெக்ட் எதுவாக இருந்தாலும், இலக்கியத்தை விட முடியாது. மொழியியல் புராஜெக்ட் செய்ததற்காக நெட்டில் பின்தங்கியதாக என் மாணவர் எவரும் இதுவரை சொன்னதில்லை.

தலைப்பு எழுதும் தாள் வருவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி இரண்டையும் செய்து பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். விமர்சன நூல் எதையும் திறக்காமல், பிடித்த நாவலின் ஒரே பக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு வீட்டில் யாராவது ஐந்து நிமிடம் ஆங்கிலம் கலந்து பேசுவதைச் சம்மதத்தோடு பதிவு செய்து, இழுப்பு, தயக்கம் எதையும் விடாமல் எழுதுங்கள். முதலாவதில் முக்கால் பக்கத்தோடு பேனா நின்றுவிட்டால் நாவலை இன்னொரு முறை படிக்க வேண்டும், அல்லது வேறு நாவல் தேட வேண்டும். இரண்டாவதில் ஐந்தாம் நிமிடம் முடிவதற்குள் சலிப்புத் தட்டினால், முந்நூறு அளவுகளை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அந்த மாணவி நாவல் முழுவதிலும் உடைந்த சொற்களை ஒரு நீள நோட்டில் பட்டியலிட்டார். யார் காதில் உடைகிறது, அப்போது எந்தப் பெரியவர் அறையில் இருக்கிறார் என்று எதிரே இரண்டு பத்தி. பிப்ரவரி முடிவில் நோட்டோடு வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் சில சொற்கள் உடைந்தே இருக்கின்றன, அவற்றை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்னொரு பத்தி போடு என்றேன்.