மூன்று சிப்பாய்களும் ஒரு கொடியும்: கிங்டம் ரஷ் ஆடிய பன்னிரண்டு ஆண்டுகள்

2012-இல் அலுவலக மதிய இடைவேளையில், உலாவியில்தான் கிங்டம் ரஷ் என்ற கணினி விளையாட்டு எனக்கு அறிமுகமானது. முதல் நாளே தோற்றேன். தோற்ற விதம் இன்னும் நினைவிருக்கிறது. வில்லாளர் கோபுரம் 70 காசு. காலி இடம் கண்ட இடத்திலெல்லாம் அதையே கட்டினேன். பாசறையும் அதே 70 காசுதான். ஆனால் அதிலிருந்து அம்பும் வராது, குண்டும் வராது, மூன்று சிப்பாய்கள் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்து பாதையில் நிற்பார்கள். இது எதற்கு என்று ஒதுக்கிவிட்டேன். பச்சைக் கோப்ளின்கள் அம்பு பட்டுச் சுருண்டு விழுந்தவரை எல்லாம் சரியாகப் போனது. சில கட்டங்கள் தாண்டியதும் கவசம் பூட்டிய தடியர்கள் வந்தார்கள். அம்புகள் அவர்கள் மேல் தூறல் மாதிரி விழுந்தன. நடையைக்கூடக் குறைக்காமல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். இருபது உயிரும் காலி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஆட்டத்தையும் இதன் பின்வந்த பாகங்களையும் மாறி மாறி ஆடிவருகிறேன். கோபுரம் கட்டி எதிரியைத் தடுக்கும் இந்த வகை ஆட்டங்களுக்கு டவர் டிஃபென்ஸ் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கும் சுடுவதுதான் நினைவுக்கு வரும். கிங்டம் ரஷ்ஷில் சுடுவது பாதி வேலைகூட இல்லை. வருகிறவனை வழியில் நிறுத்திவைப்பதுதான் வேலை. இது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. புரிந்த பிறகு வேறு எந்த ஆட்டமும் அந்த அளவு ருசிக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உருகுவே நாட்டின் மான்டெவிடியோவில் மூன்று நண்பர்கள் சேர்ந்து 2010-இல் தொடங்கிய அயர்ன்ஹைட் என்ற சிறு நிறுவனத்தின் ஆட்டம் இது. 2011-இல் உலாவியில் ஓடும் ஃப்ளாஷ் விளையாட்டாக வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐபாடுக்குப் போனது. 2014-இல் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு வந்தது. வளைந்து செல்லும் ஒரு பாதை. அதன் ஓரங்களில் கோபுரம் கட்டக் குறித்துவைத்த இடங்கள். அலை அலையாக எதிரிகள். வில்லாளர், பாசறை, மந்திரவாதி, பீரங்கி என்று நான்கே வகைக் கோபுரங்கள். ஒவ்வொன்றையும் மூன்று படி உயர்த்தலாம். நான்காவது படியில் வழி இரண்டாகப் பிரியும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நான்கு வகைதானா என்று முதலில் தோன்றும். அந்த நான்கும் ஒன்றையொன்று எப்படி நம்பியிருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 125 காசு கொடுத்துப் பீரங்கி வாங்குகிறோம். அதன் குண்டு மேலே எழும்பி, வளைந்து, மெதுவாக இறங்கும். ஓடிவருகிற ஓநாய் மீது குறிவைத்தால், குண்டு விழும்போது ஓநாய் அங்கே இருப்பதில்லை. தரையில் ஒரு புகை மட்டும் மிஞ்சும். அதே இடத்தில் ஒரு பாசறையின் மூன்று சிப்பாய்கள் ஓநாய்களைப் பிடித்து நிறுத்தியிருந்தால், ஒரே குண்டில் ஐந்து ஓநாய்கள் பறக்கும். கவசக்காரர்களுக்கு அம்பு உறைக்காது, மந்திரம் உறைக்கும். ஆனால் மந்திரவாதி ஒருமுறை வீசிவிட்டு மறுமுறை கை ஓங்குவதற்குள் எதிரி அந்த மந்திரம் எட்டும் எல்லையைத் தாண்டிவிடுவான். அவனையும் யாராவது நிறுத்திவைக்க வேண்டும். கடைசியில் எல்லாக் கணக்கும் அந்த மூன்று பேரிடம்தான் வந்து நிற்கிறது.

பாசறையைத் தொட்டால் ஒரு சிறு கொடி வரும். சிப்பாய்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கொடியால் காட்டலாம். புதிதாக ஆடுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. நானும் தொடவில்லை. இரண்டு பீரங்கிகளின் எல்லையும் ஒரு மந்திரவாதியின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் எது என்று பார்த்து, கொடியை அங்கே நட்டுப் பாருங்கள். நேற்றுத் தோற்ற அதே கட்டம், அதே காசு, அதே கோபுரங்கள். இன்று ஓர் உயிர்கூடப் போகாது. அடிபட்டு ரத்தக்கோடு குறைந்த சிப்பாய்களைக் கொடியை இழுத்துப் பின்வாங்கவைத்து, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி முன்னால் அனுப்புவது எல்லாம் அதற்கடுத்த பாடம்.

இன்னொன்றும் கவனித்தேன். நான்காவது படியில் கிடைக்கும் திறன்களில் ஆட்டக்காரர்கள் அதிகம் கொண்டாடுபவை பெரும்பாலும் கொல்லும் திறன்கள் அல்ல. கானக வில்லாளர்கள் தரையிலிருந்து வேர்களை எழுப்பி எதிரியின் காலைக் கட்டிவிடுவார்கள். ஒரு மந்திரவாதி எதிரிக் கூட்டத்தை வந்த வழியிலேயே பின்னுக்குத் தூக்கிப் போடுவான். மற்றவன் பெரிய பூதத்தை ஆடாக மாற்றிவிடுவான். அல்லது மண்ணிலிருந்து ஒரு கல்மனிதனை எழுப்பிப் பாதையின் நடுவில் நிறுத்துவான். எல்லாமே நேரம் வாங்கும் வித்தைகள். இந்த ஆட்டத்தில் காசைவிட அருமையான சரக்கு அதுதான்.

இந்த இடத்தில், வில்லாளர் கோபுரத்தின் நான்காவது படியில் துப்பாக்கிக்காரர்களா, கானக வில்லாளர்களா என்ற பழைய சண்டை வரும். தூரத்திலிருந்து ஒரே சூட்டில் ஆளைச் சாய்க்கும் துப்பாக்கிக்காரர்கள்தான் வேண்டும் என்று என் தம்பி சாதிப்பான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீளமான பாதை உள்ள கட்டங்களில் அந்தக் கோபுரத்தின் குண்டு எட்டும் தூரம் பெரிய பலம். ஆனாலும் நான் வேர்க்காரர்களின் கட்சி.

நிறுத்திவைக்க முடியாதவர்களும் உண்டு. சிறகு விரித்து வருகிற கார்காயில்களைச் சிப்பாய்கள் அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். பீரங்கியும் அவற்றைத் தொடாது. தரையை மட்டும் நம்பி அடுக்கிவைத்த என் அருமையான ஏற்பாடுகளை நாலைந்து கார்காயில்கள் தலைக்குமேல் பறந்து கடந்து போன நாட்கள் உண்டு. அலை புறப்படுவதற்கு முன்பே அதில் யார் வருகிறார்கள் என்பதைப் பாதை முனையில் தெரியும் மண்டையோட்டுச் சின்னம் சொல்லிவிடும். படிக்காதது நம் தப்பு.

பனிப்பிரதேசத்துக் கட்டங்களின் முடிவில் ஜே.டி. என்ற வெள்ளை ரோமப் பூதம் வருவான். முதல் தடவை அவனிடம் தோற்றதற்குக் காரணம் என் கோபுரங்கள் அல்ல, என் விரல். அவன் ஒரு கர்ஜனை விடுவான். கோபுரங்கள் பனிக்கட்டியாக உறைந்துபோகும். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பத் தட்டி உடைத்தால்தான் அவை மறுபடி சுடும். எனக்கு அது தெரியாது. தானாக உருகும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிதானமாக நடந்து வாசலைக் கடந்தான். அவன் ஒருவன் உள்ளே போனாலே ஆட்டம் முடிந்தது. அடுத்த தடவை டேப்லெட்டின் கண்ணாடியை இரண்டு கைகளாலும் மத்தளம் மாதிரித் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுப் போனார். வென்றேன். திட்டம் போட்டு ஆடும் ஆட்டத்தில் இப்படி விரல்வேகத்தைச் சோதிப்பது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரிதான். ஆனால் அன்று எனக்கு வந்த வியர்வையும் நிஜம்.

ஆட்டத்தை எல்லோரும் என்னைப் போலக் கொண்டாடுவதில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் 2007-இல் வந்த டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸில் ஊறியவர். அதில் பாதையே கிடையாது. வெட்டவெளியில் கோபுரங்களையே சுவராக அடுக்கி நாம்தான் சுற்றுவழி அமைக்க வேண்டும். அவருக்குக் கிங்டம் ரஷ்ஷின் குறித்துவைத்த இடங்கள் எரிச்சல். "வீட்டு மனையையும் அவனே கொடுத்து, வாசல் எந்தப் பக்கம் என்பதையும் அவனே சொன்னால் நான் எதற்கு?" என்பார். இந்தக் குறையை நான் மறுக்கப் போவதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இதில் குறைவுதான். அந்தச் சுதந்திரத்தைக் கொடிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த குறை, முதல் ஆட்டத்தில் வேகம் கூட்டும் பொத்தான் இல்லாதது. மூன்றாவது தடவை அதே கட்டத்தை ஆடும்போது முதல் இரண்டு அலைகள் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சலிப்புதான். அதற்கு ஒரே மாற்று, நேரத்துக்கு முன்பே அடுத்த அலையை அழைப்பது. அழைத்தால் கூடுதல் காசு கிடைக்கும். நாமே களத்தில் ஏவும் தீமழை போன்ற மந்திரங்களும் சீக்கிரம் தயாராகும். பேராசையில் நான் அழைத்துக்கொண்டே போய், இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து மொத்தமாக மூழ்கிய கதைகள் பல. காசு ஆசைதான் இந்த ஆட்டத்தின் உண்மையான வேகப் பொத்தான் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கடினம் பற்றியும் இரண்டு பேச்சு உண்டு. மூன்று நட்சத்திரம் வாங்க இருபது உயிரில் பதினெட்டாவது மிஞ்ச வேண்டும். அது கைவந்தவர்கள் ஆட்டம் எளிது என்பார்கள். அவர்களுக்கென்றே ஒவ்வொரு கட்டத்திலும் வீரச் சவால், இரும்புச் சவால் என்று இரண்டு காத்திருக்கின்றன. இரும்புச் சவாலில் ஒரே உயிர், ஒரே நீண்ட அலை, சில கோபுரங்களைக் கட்டவே விடாது. சேர்த்த நட்சத்திரங்களைக் கோபுரங்களின் பலத்துக்குச் செலவிடலாம். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்து வேறு பக்கம் போடலாம். தண்டனையே இல்லாத இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும். தோற்றால் நட்சத்திரங்களைக் கலைத்து அடுக்கிவிட்டு மறுபடி போகலாம்.

பின்வந்த பாகங்களுக்கு வருகிறேன். 2013-இல் வந்த ஃப்ரான்டியர்ஸ், பாலைவனமும் காடுமாக முதல் ஆட்டத்தை அப்படியே விரித்தது. செத்த எதிரிகளிலிருந்து எலும்புக்கூடுகளை எழுப்பிப் பாதையில் நிறுத்தும் மந்திரவாதி அதில் வருகிறான்; என் கட்சிக்காரன். 2014-இன் ஆரிஜின்ஸ் அழகான ஆட்டம், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. 2018-இன் வெஞ்சன்ஸில் நாம் வில்லன் வெஸ்னானின் பக்கம் நின்று நாடுகளைப் பிடிக்கப் போகிறோம். போகிறோமே தவிர, போன இடத்திலும் கோபுரம் கட்டிக் காவல்தான் காக்கிறோம். மதிலை முற்றுகையிடுகிறவன் உழிஞைப் பூவும், மதிலைக் காக்கிறவன் நொச்சிப் பூவும் சூட வேண்டும் என்று நம் புறத்திணை பிரித்துவைத்திருக்கிறது. தலையில் உழிஞையைச் சூடிக்கொண்டு நொச்சிப் போர் ஆடுகிற வேடிக்கையை இங்கேதான் பார்த்தேன்.

வெஞ்சன்ஸில்தான் பெரிய மாற்றமும் வந்தது. நான்கு கோபுரங்கள் போய், பெரிய பட்டியலிலிருந்து ஐந்தை நாமே பொறுக்கிக்கொண்டு களத்துக்குப் போகிற முறை. 2024-இல் வந்த அலையன்ஸிலும் அதே முறை. கூடவே, நாம் சொன்ன இடத்துக்குப் போய்ச் சண்டை போடும் நாயகர்கள் ஒருவருக்குப் பதில் இருவர். இளையவர்கள் பலருக்கு இதுதான் பிடித்திருக்கிறது: ஒவ்வொரு தடவையும் புதுச் சேர்க்கை, புதுக் கூத்து. எனக்கு வேறு மாதிரி. பொறுக்கி எடுத்த ஐந்தும் ஓரளவு எல்லா வேலையும் செய்கின்றன. நாயகர்கள் இருவரும் போய்ப் பாதையின் நடுவில் நின்றாலே பாதிக் கூட்டம் நின்றுவிடுகிறது. கொடியை எங்கே நடுவது என்று யோசித்த அந்த ஒரு நிமிடம் காணாமல் போய்விட்டது. படமும் ஒலியும் எவ்வளவோ வளர்ந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

காசு விவகாரம்தான் ஆட்டக்காரர்களிடையே அதிகக் கசப்பு. கைபேசியில் ஆட்டத்தை விலை கொடுத்து வாங்கிய பிறகும் சில நாயகர்களையும் கோபுரங்களையும் தனித்தனியாக வாங்கச் சொல்கிறது. கணினிப் பதிப்பில் அந்த நாயகர்களும் கோபுரங்களும் ஆட்டத்தோடேயே வந்துவிடுகின்றன. பிறகு வரும் கூடுதல் பகுதிகளுக்குத்தான் தனி விலை. வாங்காமலே எல்லாக் கட்டங்களையும் முடிக்கலாம் என்பது உண்மை, நான் முடித்திருக்கிறேன். ஆனால் பட்டியலில் பூட்டுப் போட்ட முகங்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருப்பது, பந்தியில் உட்கார்ந்தவனிடம் பாயசத்துக்குத் தனிச் சீட்டு கேட்பது போலத்தான் இருக்கிறது. அதனால் தள்ளுபடி வரும்போது கணினிப் பதிப்பை வாங்குவதே என் பழக்கம்.

சேமிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை, என் சொந்தச் செலவில். ஃப்ளாஷ் காலத்தில் ஆட்டத்தின் முன்னேற்றமெல்லாம் அந்தந்தக் கணினியிலேயே கிடக்கும். மெதுவாக ஓடுகிறது என்று கணினியை ஒரு கடையில் கொடுத்தேன். சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார்கள்; என் நட்சத்திரங்களும் சேர்ந்து துடைக்கப்பட்டிருந்தன. இறுதிக் கட்டத்தில் வெஸ்னானின் கோபுரம்வரை போயிருந்தவன் மறுபடி முதல் துறைமுகத்தில் நின்றேன். 2020 இறுதியோடு ஃப்ளாஷுக்கே ஆதரவு நின்றுபோனதால் அந்தப் பழைய பதிப்பின் கதையும் பெரும்பாலும் முடிந்தது. இன்று ஆடுகிறவர்கள், முன்னேற்றத்தை இணையத்தில் பத்திரப்படுத்தும் மேகச் சேமிப்பு ஓடுகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆட்டம், கணினியில் அல்லது டேப்லெட்டில். கைபேசியின் சிறிய திரையில் கொடியை நினைத்த இடத்தில் நட முடியாது, விரலே பாதையை மறைத்துவிடும். நடுத்தரக் கடினத்தில் தொடங்குங்கள். முதல் காசில் பாசறை கட்டுங்கள்.

போன மாதம் அக்கா மகளிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். எட்டு வயது. கோபுரங்களைப் பற்றி நான் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. பாதை ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். பல தட்டுகளுக்குப் பிறகு அது வெடித்தது. அதற்கும் ஒரு விருது வைத்திருக்கிறார்கள் உருகுவேக்காரர்கள். "மாமா, அடுத்த ஆடு எங்கே?" என்றாள். எதிரிகள் அதற்குள் வாசலைக் கடந்துகொண்டிருந்தார்கள்.