தட்டினால் இயங்கும் கருவிகள்: 17 ஆண்டு அனுபவம்

எங்கள் பிக்சர் டியூப் தொலைக்காட்சிப் பெட்டி 17 ஆண்டுகள் உழைத்தது. அவற்றில் ஆறு ஆண்டுகளை அடி வாங்கிக்கொண்டே கழித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் மேலிருந்தும் கீழிருந்தும் சுருங்கி, திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிடும். பெட்டியின் வலப்பக்கத்தில், பின்மூடி தொடங்கும் இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னால், உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓர் அடி கொடுத்தால் கோடு விரிந்து மறுபடியும் படமாகும். மேலே அடித்தால் பயனில்லை; இடப்பக்கத்தில் அடித்தால் ஒலி மட்டும் கரகரக்கும். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்ற பழமொழியை நான் முழுமையாக நம்பிய காலம் அது.

முதல் ஆண்டில் ஓர் அடி ஒரு வாரம் தாங்கியது. நான்காம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது தாங்கியது. ஆறாம் ஆண்டில் விளம்பரம் முடிவதற்குள் கோடு திரும்பிவிட்டது. இறுதியில் வரவழைத்த மெக்கானிக் பெட்டியை ஒருமுறைகூட அடிக்கவில்லை. பின்மூடியைக் கழற்றி, திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் உள்ளிருந்த சர்க்யூட் போர்டை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐ.சி. என்ற சிப்புக்கு அருகில் கைப்பிடி பட்டதும் திரையில் கோடு துள்ளியது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துக் காட்டினார்: ஐ.சி.யின் இரண்டு கால்களைச் சுற்றி மட்டும், அவற்றைப் போர்டோடு பற்றவைத்த ஈயத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் ஓடியிருந்தது. டிரை சால்டர் என்றார். ஐ.சி. இயங்கும்போது சூடேறி விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்ட ஈயம் காலைச் சுற்றி வெடித்துவிடுகிறது. நான் கொடுத்த ஒவ்வோர் அடியும் விரிசலின் இரு கரைகளையும் சற்று நேரம் ஒட்டவைத்ததோடு, விரிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியும் வந்திருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப் புதிதாக வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. (பின்மூடியை நானே கழற்றாதது நல்லதாயிற்று. அத்தகைய பெட்டிகளில் 20,000 வோல்ட்டுக்கு மேல் உருவாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் அது தங்கியிருக்கக்கூடும்.)

அடி எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த சான்று விண்வெளியில் இருக்கிறது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 பயணத்தில் நிலவில் இறங்கிய ஆலன் பீன், சூரியனை நோக்கித் திரும்பியதால் படம் இழந்த தொலைக்காட்சிக் கேமராவைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பயனில்லை, ஒளி பட்டு உள்ளிருந்த கேமரா குழாய் கெட்டுப்போயிருந்தது. அவருடன் நிலவில் நடந்த பீட் கான்ராட், 1973 ஜூனில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்து, பேட்டரிக்கு மின்னேற்றும் அமைப்பின் உறையைச் சுத்தியலால் அடித்தார். உள்ளே சிக்கிக்கொண்டிருந்த ரிலே என்ற மின்சார ஸ்விட்ச் விடுபட்டு வேலை செய்தது. சிக்கியதற்கும் தளர்ந்ததற்கும் அடி பயன்படும். கருகியதை எத்தனை முறை அடித்தாலும் கருகியதுதான்.

தொலைக்காட்சிக்குப் பிறகு என் மேசைக் கணினி. ஆன் செய்தால் பீப் ஒலி மட்டும் எழுப்பிக்கொண்டு நிற்கும். கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் எழும்பும். இம்முறை ஆறு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. ராம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். பீப் ஒலி அதோடு ஒழிந்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3 கணினியில் சிப்புகள் சூட்டினால் சாக்கெட்டிலிருந்து மேலெழும்பியபோது, கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடும்படி பயனர்களுக்கு நிறுவனமே ஆலோசனை சொன்னதாம். என் தட்டும் அந்த வகைதான்.

நான் மன்னிக்க முடியாத தவறைச் செய்தது ஹார்டு டிஸ்க்கில்தான். அது டிக் டிக் என்று ஒலிக்கத் தொடங்கியதும், ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினேன். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி நானோமீட்டர் கணக்கில் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. டிக் டிக் கரகரப்பாக மாறியது. நான்கு ஆண்டுப் புகைப்படங்களும் அதோடு போயின. முனை தட்டில் ஒட்டிக்கொண்ட பழைய டிஸ்க்குகளை லேசாகத் தட்டி விடுவித்தவர்கள் உண்டு. என் டிஸ்க்கில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஒலி எதனால் வருகிறது என்று கேட்பதற்கு முன்பே கை நீண்டுவிட்டது.

மின்விசிறி, அலைபேசி, எல்.ஈ.டி. திரை ஆகியவற்றை இப்போது தட்டுவதில்லை. விசிறி சுற்றாமல் முனகினால் பெரும்பாலும் அதைச் சுழலத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். அதற்கு அடி மருந்தாகாது.

ரிமோட்டை மட்டும் இன்றும் உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி முனையில் படிந்த மெல்லிய களிம்பு அந்த அதிர்வில் உரசி விலகுகிறது. மூடியைத் திறந்து பேட்டரியை விரலால் இரண்டு சுற்று உருட்டினாலும் அதே பலன் கிடைக்கும் என்று தெரிந்தும், மூடியைத் திறக்கச் சோம்பலாக இருக்கிறது.