கடுவனுக்குச் சலம் அடைத்தால் எந்த வைத்தியம்?

கடுவன் பூனை மண்ணைக் கிண்டி இருக்கிறது, கத்துகிறது, எழும்பிப் போய்த் திரும்பவும் இருக்கிறது. ஒரு துளி சலமும் (சிறுநீரும்) வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கி ஒரு நாளை வீணாக்குவதுதான் வழமையாக நடக்கிறது. வளவில் திரியும் பூனையென்றால் சலம் போனதா என்பதே தெரியாது. அறைக்குள் அடைத்து, தட்டில் பேப்பர் விரித்துப் பார்க்க வேண்டும். அடிவயிற்றை மெல்லத் தொட்டால் தோடம்பழ அளவில் இறுகிய உருண்டை தட்டுப்படலாம். அதை அமத்தினால் சலப்பை கிழியக்கூடும்.

முழுதாக அடைபட்டு 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் கழிவுகளும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறத் தொடங்கும். பொட்டாசியம்தான் இதயத்தை நிறுத்துவது. ஆகவே டொக்டரின் முடிவில் சந்தேகம் இருந்தாலும் பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது சரிவராது. கேள்விகளை அங்கேயே, மேசையடியிலேயே கேட்க வேண்டும்: "டொக்டர், துடிப்பு எவ்வளவு? பொட்டாசியம் பார்த்தீர்களா? இப்ப சலத்தை எப்படி வெளியில எடுக்கப் போறீங்கள்?" பயந்துபோன பூனைக்கு நிமிடத்துக்கு 160 முதல் 220 வரை துடிப்பது இயல்பு. சோர்ந்து கிடக்கும் பூனைக்கு அது 140க்குக் கீழே என்றால் மயக்க மருந்துக்கு முன் கல்சியம் குளுக்கோனேற் நாளம் வழியே மெதுவாகப் போக வேண்டும். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தை அரை மணித்தியாலமளவு காப்பாற்றித் தரும். குறைப்பது சேலைனும், தேவைப்பட்டால் குளுக்கோசோடு இன்சுலினும், எல்லாவற்றுக்கும் மேலாக அடைப்பு எடுபடுவதும்.

அடைப்பெடுக்க இரண்டு வழி சொல்லப்படும். முதலாவது, மயக்கி, சலவழிக்குள் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டு, சேலைனால் பின்னோக்கிக் கழுவி, குழாயைத் தைத்து ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வைத்திருப்பது. பெரும்பாலான பூனைகளுக்கு இதுவே சரியான வழி. ஆனால் கதீற்றர் ஏறியதும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சாதாரணமாகக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர் சலம் போகும். 4 கிலோக் கடுவனுக்கு 4 முதல் 8. அடைப்பு நீங்கியபின் இது பல மடங்காகக் கொட்டலாம். வெளியே போகும் அளவைப் பார்த்து உள்ளே சேலைன் போகாவிட்டால் பூனை வரண்டுபோகும். பின்னேரம் கிளினிக் பூட்டியதும் சேலைனைக் கழற்றிவிடுவார்களா, இரவில் பையில் சேர்ந்த சலத்தை யார் அளப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் குழாய் பூட்டிய பை உண்டா, கழுத்துக் கூம்பு போட்டிருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்ளுங்கள். கூம்பில்லாத பூனை விடிவதற்குள் கதீற்றரைக் கடித்து இழுத்துவிடும். ஹாட்மன் சேலைனில் பொட்டாசியம் இருக்கிறதே என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. அதிலுள்ள அளவு சிறிது, பூனையின் இரத்த அமிலத்தன்மையைச் சீராக்கவும் அது உதவும்.

இரண்டாவது வழி, வயிற்றினூடே ஊசி விட்டு சலத்தை உறிஞ்சுவது. செலவு குறைவு, நேரமும் குறைவு. கதீற்றர் ஏற மறுக்கும்போது அழுத்தத்தைக் குறைக்க இது நல்ல உத்தி. மயக்கம், நோவுக்கு மருந்து, தோலுக்கடியில் சேலைன், சத்தமில்லாத இருட்டறை ஆகியவற்றோடு ஊசியை மட்டுமே நம்பிய ஒரு சிறு ஆய்வு 2010இல் வெளியானது. 15 பூனைகளில் 11 தேறின. அந்தப் பூனைகளில் கடும் பொட்டாசிய ஏற்றமோ சலவழியில் கல்லோ இருக்கவில்லை என்பதை மறந்து அந்தக் கணக்கைப் பேசக் கூடாது. தேறாதவற்றில் வயிற்றுக்குள் சலம் கசிந்ததும் உண்டு. எனவே எக்ஸ்றேயில் கல் இருந்தால், அல்லது பூனை குளிர்ந்து தளர்ந்திருந்தால் ஊசியை மட்டும் நம்பும் வழி வேண்டாம். கல்லைப் பார்க்கும் எக்ஸ்றே சலக்குழாயின் நுனிவரை எடுக்கப்பட வேண்டும். வயிற்றோடு வெட்டிய படத்தில் நடுவழியில் சிக்கிய கல் தெரியாது.

ஒரு மருந்தூசி, மருந்துத் துண்டு, "வீட்ட கொண்டுபோங்கோ" என்ற மூன்றோடு முடியும் வைத்தியத்தைத்தான் உண்மையில் மறுக்க வேண்டும். லாசிக்ஸ் சலத்தைக் கூட்டும், வழியைத் திறக்காது. அடைபட்ட பூனைக்கு அது கூடாது. இளம் கடுவனின் முதல் அடைப்பில் கிருமி இருப்பது அரிது, ஆகவே அன்ரிபயோட்டிக் இந்த அடைப்பை எடுக்காது. கதீற்றர் இருக்கையில் ஸ்டெரொயிட் கொடுத்தால் கிருமித் தொற்றுக்கு இடம் விடும். நோவுக்குக் கொடுக்கும் மெலோக்சிகாம் சிறுநீரகம் தேறும்வரை பொறுக்கட்டும். பனடோல் (பரசிற்றமோல்) ஒருபோதும் வேண்டாம். ஒரு 500 மில்லிகிராம் குளிசையே பூனையைக் கொல்லும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல். அடைப்போடு அந்தப் பயணம் போனால் வழியிலேயே முடிந்துவிடலாம். சலம் ஓடத் தொடங்கி, துடிப்பு சீரான பிறகு, முன்கூட்டிக் கதைத்துவிட்டுப் போவதென்றால் பயனுண்டு. இரத்த றிப்போட், எக்ஸ்றே, எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்ற துண்டு, ஒவ்வொரு நாளும் போன சலத்தின் அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பதவிசாகக் கேட்டால் எந்த டொக்டரும் கோபிக்கத் தேவையில்லை.

திரும்பத் திரும்ப அடைத்தால் குறியை அகற்றி அகலமான வாய் அமைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அது அடைப்பைத் தடுக்கும், சலப்பை அழற்சியைக் குணமாக்காது. பின்னாளில் கிருமித் தொற்று கூடவும் செய்யும். முதல் அடைப்புக்கே இதைச் சொன்னால் காரணம் கேளுங்கள். இதற்கும் கதீற்றருக்கும் செலவழிக்க இயலாத வீடுகளில் ஊசி போட்டு நோவில்லாமல் கண்மூட விடுவதும் ஒரு வைத்திய முடிவுதான். அடைப்போடு கிடந்து சாவது அப்படியல்ல.

திரும்ப அடைக்கும் ஆபத்து கதீற்றர் எடுத்த முதல் வாரத்தில் அதிகம், தட்டை ஒவ்வொரு நாளும் பாருங்கள். கல் கிடைத்திருந்தால் எறியவிடாமல் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: ஸ்ரூவைற் வகைக் கல் என்றால் விசேட உணவில் கரையும், ஒக்ஸலேற் வகை கரையாது. எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் எல்லோரும் குற்றம் சாட்டுகிறார்கள்; பூனை குடிக்கும் தண்ணீர் போதாமையே அதைவிடப் பெரிய காரணம். உலர்ந்த பிஸ்கட் தீனை மட்டும் போடாமல், ஈரமான பூனைத் தீனில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள்.